பசை பிடிக்கும் ஆழம்: பிளாஸ்டிக் இணைப்பில் கதிர்வீச்சின் பங்கு

'பிளாஸ்டிக் குடம், வாளி ஒட்டுறது' என்று தெருவில் கூவிக்கொண்டு வருபவரின் பையில் பசை இருக்காது. நெருப்பில் காய்ச்சிய இரும்புத் தகடும், பழைய குடங்களிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளும்தான் இருக்கும். விரிசலின் இரண்டு கரைகளையும் இளக்கி, அதே வகைத் துண்டை உருக்கி அதன்மேல் இழுத்துவிடுவார். இளகிய நிலையில் இருபுறத்து மூலக்கூறுச் சங்கிலிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஆறியபின் அது ஒரே பொருள். பாலித்தீனிலும் பாலிபுரோப்பிலீனிலும் ஃபெவிக்விக்கோ அரால்டைட்டோ செல்லாது என்பது அவருக்குத் தொழிலறிவு. காய்ந்த பசையை நகத்தால் நெம்பினால் தகடாகப் பெயர்ந்து வந்துவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் உருக்கி ஒட்ட முடியாது. ஊசியின் எஃகுக் குழலைப் பாலிபுரோப்பிலீன் கொண்டையில் பொருத்த வேண்டும். மருந்துப் பொட்டலத்தில் அலுமினியத் தாளைப் பாலித்தீன் படலத்தோடு சேர்க்க வேண்டும். ஒரே தன்மை இல்லாத இரண்டு பொருள்கள் சேரும் இடத்தில் பசை தேவை. பசைக்கு இடம் கொடுக்காத பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை மாற்றியாக வேண்டும். இதற்காக எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலவகைக் கதிர்வீச்சுகளை முயன்று பார்த்திருக்கிறார்கள்: கொரோனா எனப்படும் மின்பொறி வெளியேற்றம், பிளாஸ்மா, புற ஊதா ஒளி, எலக்ட்ரான் கற்றை, கோபால்ட்-60 தரும் காமா கதிர். இவற்றில் எது எதற்குப் பயன்பட்டது, எது ஏன் தோற்றது என்று ஒருசேரப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்துறையின் அளவீடுகளில் பெரும்பகுதி, மேற்பரப்பு எவ்வளவு நன்றாக நனைகிறது என்பதைச் சுற்றியே நடந்திருக்கிறது. இணைப்பு பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பதோ, நனையும் அந்தப் பரப்புக்கு அடியிலுள்ள சில நானோமீட்டர் அடுக்கின் வலிமை. கதிர்வீச்சு அந்த அடுக்கைக் கட்டவும் செய்யும், சிதைக்கவும் செய்யும். இதை மனத்தில் வைத்துப் படித்தால் முரண்படுவதாகத் தோன்றும் பல முடிவுகள் தத்தம் இடத்தில் பொருந்திவிடுகின்றன.

நனைதலைப் பற்றிய அறிவு பழையது. திடப்பொருளின்மேல் வைத்த திரவத் துளி எந்தக் கோணத்தில் (சேர்கோணம்) நிற்கும் என்பதைத் தாமஸ் யங் 1805-இலேயே விளக்கினார். 1950-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஜிஸ்மன் அதை பிளாஸ்டிக்குகளுக்குப் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை எண்ணைத் தந்தார். பரப்பு இழுவிசை அந்த எண்ணுக்குக் கீழே உள்ள திரவம் பரவும்; மேலே உள்ளது துளியாக நிற்கும். டெஃப்லானுக்கு 18.5 மில்லிநியூட்டன்/மீட்டர், பாலித்தீனுக்கு 31. தண்ணீரின் பரப்பு இழுவிசை 72.8. எபாக்ஸிப் பசைகள் பெரும்பாலும் 40-க்கு மேலே நிற்கின்றன. ஆகவே எபாக்ஸி பாலித்தீன்மேல் முழுமையாகப் பரவாது. நுண்ணிய பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். விசை பட்டதும் அங்கிருந்து விரிசல் தொடங்கும்.

இந்த விளக்கத்துக்கு அழகான ஒரு சான்றும் இருந்தது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஷார்ப், ஷான்ஹார்ன் இருவரும் 1960-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டியது அது. திரவ எபாக்ஸியைத் திடப் பாலித்தீன்மேல் ஊற்றி இறுகவிட்டால் பிடிப்பு இல்லை. அதே எபாக்ஸியை முதலில் இறுகவிட்டு, அதன்மேல் பாலித்தீனை உருக்கிப் பரப்பினால் பிடிப்பு பலமாக இருக்கிறது. பொருள்கள் அவையே, வரிசைதான் மாறியிருக்கிறது. உருகிய பாலித்தீன் எபாக்ஸியை நனைக்கிறது, திரவ எபாக்ஸி பாலித்தீனை நனைப்பதில்லை என்பதால் இப்படி நடக்கிறது என்றார்கள்.

இதை ஏற்காதவர் ஜேக்கப் பைக்கர்மன். 1961-இல் வெளிவந்த தம் நூலில் அவர் முன்வைத்த வாதம் வேறு. பாலித்தீனுக்குள் குட்டைச் சங்கிலிகளும் கலப்புப் பொருள்களும் இருக்கின்றன. அவை மேற்பரப்புக்கு வந்து வலுவற்ற ஒரு படிவாகத் தங்குகின்றன. பசை அந்தப் படிவைப் பிடித்துக்கொள்கிறது, படிவோ பிளாஸ்டிக்கை விட்டுக் கழன்றுவிடுகிறது. ஒட்டாமை என்று நாம் நினைப்பது உண்மையில் அந்த மெல்லிய அடுக்கு கிழிவதுதான் என்றார்.

கதிர்வீச்சின் கதைக்குள் இந்தச் சண்டை நுழைந்தது 1966-இல். நனைதல் கட்சியில் நின்ற ஹெரால்டு ஷான்ஹார்னே, ஹேன்சனுடன் சேர்ந்து, பாலித்தீன் படலத்தைக் குறைந்த அழுத்தத்தில் ஒளிரும் ஹீலியம் வாயுவுக்குள் வைத்தார். ஹீலியம் எதனோடும் வினைபுரியாது. மேற்பரப்பில் ஆக்சிஜனைச் சேர்க்காது. எதிர்பார்த்தபடியே படலத்தின் நனையும் தன்மை பெரிதாக மாறவில்லை. ஆனால் எபாக்ஸி இணைப்பின் வலிமை பன்மடங்கு ஏறியது. கிளர்ந்த ஹீலியம் அணுக்களும் அயனிகளும் மேற்பரப்புச் சங்கிலிகளிலிருந்து ஹைட்ரஜனைத் தட்டிவிட, மிஞ்சிய சங்கிலிகள் தமக்குள் குறுக்குப் பிணைப்புப் போட்டுக்கொண்டன. வலுவற்ற தோல் இறுகிய தோலாகிவிட்டது. சோதனைக் கலத்தில் சிறிதளவு ஆக்சிஜன் எஞ்சியிருந்திருக்கலாம், அதுவும் உதவியிருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் கேள்வி எழுப்பினார்கள். அந்தக் கேள்வி நியாயமானதே. அதனால் சோதனையின் மையக் கருத்து அடிபட்டுப் போகவில்லை. பரப்பு நனைய வேண்டும், அதன் அடியடுக்கு வலுவாகவும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் இணைப்பு நிற்காது.

இந்த இரண்டையும் கதிர்வீச்சால் செய்ய முடிவது அதன் ஆற்றலால். கார்பன்–கார்பன் பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், கார்பன்–ஹைட்ரஜனுக்கு 4.3. பாதரச விளக்கின் 254 நானோமீட்டர் ஒளியில் ஒரு ஃபோட்டானுக்கு 4.9 எலக்ட்ரான் வோல்ட். செனான் எக்ஸைமர் விளக்கின் 172 நானோமீட்டர் ஒளியில் 7.2. கோபால்ட்-60 காமா கதிரிலோ 12 லட்சம், 13 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கிறது. எதுவானாலும் பாலிமருக்குள் உண்டாவது கடைசியில் ஒன்றுதான்: பிணைப்பு முறிந்து, இணையற்ற எலக்ட்ரானோடு நிற்கும் தனி உறுப்பு. அது பக்கத்துச் சங்கிலியைப் பிடித்தால் குறுக்குப் பிணைப்பு. ஆக்சிஜனைப் பிடித்தால் பெராக்சைடு, அதன் வழியாகக் கார்பனைல், கார்பாக்சில் தொகுதிகள். சொந்தச் சங்கிலியே அறுந்துபோனால் சிதைவு. எது நடக்கும் என்பது பிளாஸ்டிக்கையும், காற்று இருக்கிறதா என்பதையும், கதிரின் வேகத்தையும் பொறுத்தது.

கதிர்கள் ஒன்றோடொன்று பெரிதும் வேறுபடுவது ஆழத்தில். பிளாஸ்மாவும் கொரோனாவும் தொடுவது மேலுள்ள ஏறத்தாழ பத்து நானோமீட்டரை. குறு அலைப் புற ஊதா அதைவிடச் சற்றுக் கீழே போகும். 80 முதல் 300 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கற்றை ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். 10 மெகா எலக்ட்ரான் வோல்ட் கற்றை மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஊடுருவும். காமா கதிர் பெட்டி பெட்டியாக அடுக்கிய சரக்கையே துளைத்துப் போகும். பசைக்கு வேண்டியதோ முதல் பத்து நானோமீட்டர் மட்டும்.

தொழிற்சாலைகளில் கொரோனா வென்றதற்கு இது முதல் காரணம். 1951-இல் டென்மார்க் பொறியாளர் வெர்னர் ஐஸ்பி உருவாக்கிய முறை இன்றும் ஏறக்குறைய அதே வடிவில் ஓடுகிறது. படலம் ஓர் உருளைமேல் ஓடும்; அதற்கு மேலே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் மின்முனை; நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் உயர் அதிர்வெண் மின்சாரம். இடைவெளியில் ஊதா நிறத்தில் மெல்லிய ஒளித் திரை தெரியும். ஓசோனின் நெடி மூக்கில் ஏறும். படலம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். கணநேரத்தில் மேற்பரப்பில் ஆக்சிஜன் ஏறிவிடுகிறது. இயந்திரத்தை இயக்குபவர் படலத்தின் ஓரத்தில் டைன் பேனாவால் ஒரு கோடு இழுத்து இரண்டு விநாடி பார்ப்பார். கோடு கலையாமல் நின்றால் பேனாவில் குறித்த எண்ணுக்குப் படலம் தேறிவிட்டது. துளித்துளியாகச் சுருங்கினால் மின்திறனை ஏற்ற வேண்டும். அச்சுக்கு 38 டைன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

இந்தப் பேனாவை நம்பி முடிவெடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பாலிபுரோப்பிலீன் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் மெத்தில் கிளை இருக்கிறது. அந்த இடத்தில் ஹைட்ரஜன் எளிதில் பிடுங்கப்படும். உண்டாகும் தனி உறுப்பு ஆக்சிஜனைப் பிடித்ததும் சங்கிலி அறுந்துபோகும். கொரோனாவை அதிகமாகக் கொடுத்தால் மேற்பரப்பில் ஆக்சிஜன் நிறைந்த குட்டைத் துண்டுகள் குவிகின்றன. டைன் பேனா அவற்றைப் பார்த்துப் பிரமாதம் என்கிறது. பசையும் அவற்றை நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் அந்தத் துண்டுகள் கீழே எதையும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் மார்க் ஸ்ட்ரோபெலும் உடன் பணியாற்றியவர்களும் இதைப் பல ஆய்வுகளில் காட்டினார்கள்: கொரோனா கண்ட பாலிபுரோப்பிலீனைத் தண்ணீரில் கழுவினால் ஏறிய ஆக்சிஜனில் கணிசமான பங்கு கரைந்து போய்விடுகிறது, சுடர் காட்டிப் பதப்படுத்திய படலத்தில் அப்படிக் கரைவது மிகக் குறைவு. பைக்கர்மன் சொன்ன வலுவற்ற படிவை இங்கே பதப்படுத்தும் கருவியே உண்டாக்குகிறது. சில மைகளும் பசைகளும் இந்தத் துண்டுகளைத் தமக்குள் கரைத்துக்கொள்ளும். அப்போது கெடுதல் இல்லை. கரைக்காத பசையில் அதே படலம் தோற்கும். ஒரே டைன் எண்ணில் ஒரு தொழிற்சாலையில் வெற்றியும் இன்னொன்றில் தோல்வியும் வருவதன் மர்மம் பெரும்பாலும் இதுதான்.

கொரோனாவின் விளைவு நாள்பட மங்குவதும் உண்டு. ஆக்சிஜன் ஏறிய துண்டுகள் மெல்லத் திரும்பி உள்நோக்கிப் படுத்துக்கொள்கின்றன. படலம் வழுக்குவதற்காகச் சேர்த்த எருக்கமைடு போன்ற பொருள்கள் உள்ளிருந்து கசிந்து மேலே படிகின்றன. ஆகவேதான் படலத்தை அச்சு இயந்திரத்திலேயே மறுபடி ஒருமுறை பதப்படுத்துகிறார்கள்.

பிளாஸ்மாவையும் புற ஊதாவையும் விரைவாகவே கடந்துவிடலாம். பிளாஸ்மாவில் வாயுவை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது பெரிய வசதி. ஊசிக் கொண்டை போன்ற வளைந்த சிறு பாகங்களுக்கு அது ஏற்றது. புற ஊதாவில் 185, 254 நானோமீட்டர் இரண்டும் சேர்ந்து காற்றில் ஓசோனை உண்டாக்கி உடைத்து, வெறிபிடித்த அணு ஆக்சிஜனைத் தருகின்றன. வேகம் குறைவு, மேடு பள்ளம் உள்ள பொருளில் நிழல் விழும் இடம் தப்பிவிடும். பாலித்தீன் அந்த ஒளியை நேரடியாக விழுங்குவதில்லை என்பதால் பென்சோஃபீனோன் போன்ற ஒளியூக்கி ஒன்றைப் பூசி, அதன் வழியாகத் தனி உறுப்பை உண்டாக்கும் முறையும் வந்தது. ஸ்டாக்ஹோமில் பெங்ட் ரான்பியின் குழு 1980-களில் ஓடும் படலத்திலேயே அதைச் செய்து காட்டியது. இதற்கு மேல் சொல்ல வேண்டியது கிராஃப்டிங் பற்றி. அது காமாவோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

காமாவிலும் உயர் ஆற்றல் எலக்ட்ரான் கற்றையிலும் முதலில் கவனத்தை ஈர்த்தது பசை அல்ல. 1952-இல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு உலையில் ஆர்தர் சார்ல்ஸ்பி பாலித்தீனைக் கதிருக்குக் காட்டினார். அது உருகும் வெப்பத்திலும் வடிவம் கலையாமல் நின்றது. குறுக்குப் பிணைப்பு உள்ளே வரை ஓடியிருந்தது. 1957-இல் பால் குக் தொடங்கிய ரேகெம் நிறுவனம் அதைச் சுருங்கு குழாய்களாக்கி விற்றது. மண்ணுக்குள் புதைக்கும் எண்ணெய்க் குழாய்களின் பற்றவைப்பு மூட்டைச் சுற்றி இன்று போர்த்தும் உறைகள் அந்த வம்சம்தான். கதிரால் குறுக்குப் பிணைந்த பாலித்தீன் வெளியே, சூட்டில் இளகும் பசை உள்ளே. தீச்சுடர் காட்டினால் உறை சுருங்கிப் பசையை எஃகோடு அழுத்துகிறது. இங்கே கதிர்வீச்சு பசையைத் தொடவே இல்லை. பசை வேலை செய்வதற்கான அழுத்தத்தைப் பிளாஸ்டிக்கின் உடலில் சேமித்து வைத்திருக்கிறது.

அப்படியானால் காமா கதிரை வெறுமனே காட்டினால் பாலித்தீன் ஒட்டும் தன்மை பெறாதா? பலர் முயன்றிருக்கிறார்கள், பயன் சிறிதளவே. ஏன் என்று ஒரு சிறு கணக்கில் காணலாம். மருத்துவப் பொருள்களைக் கிருமி நீக்கும் வழக்கமான அளவு 25 கிலோகிரே, அதாவது ஒரு கிராமுக்கு 25 ஜூல். பாலித்தீனின் வெப்பநிலையை ஏறத்தாழ 11 டிகிரி உயர்த்தும் ஆற்றல் அது. விழுங்கப்படும் ஒவ்வொரு 100 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் ஆறு தனி உறுப்புகள் என்று வைத்துக்கொண்டால், 4500 மெத்திலீன் அலகுகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் தனி உறுப்பு உண்டாகிறது. கொரோனா கண்ட படலத்தின் மேற்பரப்பிலோ 100 கார்பனுக்கு ஐந்து முதல் பதினைந்து ஆக்சிஜன் அணுக்கள் எண்ணப்படுகின்றன. அந்த அளவை நேரடியாக எட்ட வேண்டுமானால் 5000 கிலோகிரேவுக்கு மேல் கொடுக்க வேண்டும். அதற்கு நெடுமுன்பே பிளாஸ்டிக் நொறுங்கிவிடும். காற்றில் மெதுவாகக் கதிர் காட்டினால் ஒரு தனி உறுப்பு பல ஆக்சிஜன்களைச் சங்கிலித் தொடராக இழுக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த ஆக்சிஜனேற்றம் பரப்போடு நிற்காது. உள்ளேயும் நடந்து பொருளை நலிவாக்கும். பத்து நானோமீட்டர் வேலைக்கு முழு உடலையும் கதிரில் வேகவைக்கும் இந்த வழியை நான் எந்தத் தொழிலுக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த அரிதான தனி உறுப்புகளைப் பெருக்கிக் காட்டும் வழிதான் கிராஃப்டிங். மாஞ்செடியில் ஒட்டுக் கட்டுவது போல, பாலித்தீன் சங்கிலியில் ஒரு தனி உறுப்பு முளைத்த இடத்தில் வேறு வகைச் சங்கிலியை வளரவிடுகிறார்கள். 4500 அலகுக்கு ஒரு முளைதான் என்றாலும், அதிலிருந்து நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அக்ரிலிக் அமில அலகுகள் வரிசையாக வளரும். ஒவ்வொரு அலகிலும் ஒரு கார்பாக்சில் தொகுதி. எபாக்ஸிப் பசை அவற்றோடு வேதிவினை புரிந்து எஸ்டர் பிணைப்புப் போட்டுக்கொள்கிறது. பசையிலிருந்து பிளாஸ்டிக்கின் சொந்தச் சங்கிலி வரை அறுபடாத வேதித் தொடர்பு கிடைக்கிறது. கழுவினால் போகாது, நாள்பட மங்குவதும் மிகக் குறைவு. பிரான்சில் அடோல்ஃப் சாப்பிரோ 1950-களிலிருந்து இத்துறையை வளர்த்தார். 1962-இல் அவர் எழுதிய நூல் நெடுங்காலம் கைநூலாக இருந்தது.

செய்முறையில் தொல்லைகள் உண்டு. பிளாஸ்டிக்கையும் அக்ரிலிக் அமிலக் கரைசலையும் சேர்த்தே கதிருக்குக் காட்டினால், கரைசலிலும் தனி உறுப்புகள் உண்டாகி அமிலம் தனக்குத்தானே பாலிமராகிக் கூழாய்க் கட்டிவிடும். கூழிலிருந்து படலத்தை உரித்தெடுப்பதே பாடு. சிறிது மோர் உப்பையோ (ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்) காப்பர் சல்பேட்டையோ கரைத்தால் கரைசலின் தனி உறுப்புகள் அணைந்துவிடும். படலத்திலிருந்து முளைப்பவை பெரும்பாலும் தப்பும். இன்னொரு வழி, படலத்தை முதலில் காற்றில் கதிருக்குக் காட்டி, அதில் உண்டாகும் பெராக்சைடுகளைக் குளிரில் வைத்துக் காத்து, பிறகு வேறோர் இடத்தில் அமிலக் கரைசலில் சூடாக்குவது. சொந்தமாகக் கதிர் மூலம் வைத்திருக்க முடியாத சிறு நிறுவனத்துக்கு இந்த இரண்டாவது வழிதான் பொருந்தும். நம் நாட்டில் டிராம்பேயில் 1974-இல் தொடங்கிய ஐசோமெட் போன்ற கதிரூட்டு நிலையங்கள் மருத்துவப் பொருள்களுக்காக வந்தவை. ஆனால் படலச் சுருளை அனுப்பிக் கதிரூட்டி வாங்கி, கிராஃப்டிங்கைத் தம் ஆலையில் செய்வதற்கு வேதியியல் குறுக்கே நிற்பதில்லை. இந்த அளவுக் கதிர்களால் பிளாஸ்டிக் தானே கதிரியக்கப் பொருளாக மாறுவதில்லை என்பதையும் வாங்குபவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆழம் பற்றிய அதே கேள்வி இங்கும் வருகிறது. கிராஃப்டிங் பரப்பில் தொடங்கி, வளர்ந்த அடுக்கு கரைசலை உறிஞ்சி ஊதி, உள்நோக்கி நகர்கிறது. சரியான நேரத்தில் நிறுத்தாவிட்டால் பாலித்தீன் பாதி, பாலிஅக்ரிலிக் அமிலம் பாதி என்ற தடித்த அடுக்கு உண்டாகும். உலர்ந்தபோது அதன் இணைப்பு வலிமை வியக்க வைக்கும். ஈரத்தில் அது தண்ணீரைக் குடித்து உப்பிக் கூழாகும். பொத்தான் மின்கலங்களில் பிரிப்பான் படலமாக இதே பொருளைப் பயன்படுத்துவது அந்தத் தண்ணீர் குடிக்கும் குணத்துக்காகத்தான். பசைக்கு அது விஷம். ஜப்பானின் தொலைபேசித் துறை ஆய்வுக்கூடத்தில் ஷின்ஸோ யாமகாவா 1970-களில் வெளியிட்ட ஆய்வு வரிசை எனக்கு இத்துறையிலேயே மிகவும் பிடித்தமானது. அவர் அமிலத்தை நேரடியாக வளர்க்காமல், மெத்தில் அக்ரிலேட்டை ஆவியாகக் கொடுத்துக் காமாவில் கிராஃப்ட் செய்து, பிறகு காரத்தில் அதன் மேற்பகுதியை மட்டும் அமிலமாக மாற்றினார். வெளியே பசையைப் பிடிக்கும் அமிலம். அடியில் தண்ணீரை விரும்பாத எஸ்டர். அதற்கும் அடியில் பாலித்தீன். எபாக்ஸியோடு இணைத்து இழுத்தபோது எந்த அடுக்கில் கிழிந்தது என்பதையும் அவர் ஆராய்ந்தார். கிழிந்த இடத்தைத் தேடிப் போன அந்தப் பொறுமை பிற்கால ஆய்வுகள் பலவற்றில் இல்லை. 'சேர்கோணம் 100 டிகிரியிலிருந்து 50-க்கு இறங்கியது, வலிமை கூடியது' என்று முடிந்துவிடும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

கதிரை இணைப்பு போட்ட பிறகு செலுத்துவது வேறொரு வழி. பசையில் அக்ரிலேட் வகைப் பொருள்களை வைத்து, இரு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து எலக்ட்ரான் கற்றையைக் காட்டினால், பசை இறுகும் அதே கணத்தில் பிளாஸ்டிக்கிலும் தனி உறுப்புகள் தோன்றி, இரண்டும் எல்லையைத் தாண்டிக் கைகோக்கின்றன. ஒளிபுகாத பொருள் ஆனாலும் எலக்ட்ரான் போகும்; சூடு தேவையில்லை. இதே ஆசையில் 1980, 90-களில் கார்பன் இழைக் கலவைகளை எலக்ட்ரான் கற்றையால் இறுக்கும் முயற்சி பெரிதாக நடந்தது. பிரான்சில் ஏரோஸ்பாஸியால் நிறுவனம் ராக்கெட் எஞ்சின் உறைகளுக்கு அதைக் கைக்கொண்டது. கனடாவிலும் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜிலும் ஆய்வுகள் நடந்தன. அங்கே இடறியதும் எல்லைப் பரப்பில்தான். பிசின் நன்றாக இறுகியது. இழைக்கும் பிசினுக்கும் நடுவே பிடிப்பு, உலையில் சூடாக்கி இறுக்கியதைவிடக் குறைவாக வந்தது. சூட்டில் பிசின் இளகி இழையைச் சுற்றி ஓடுவதற்கும், இழையின்மேல் பூசிய பொருளோடு வினைபுரிவதற்கும் கிடைக்கும் நேரம், அறை வெப்பத்தில் நொடியில் இறுகும்போது கிடைப்பதில்லை. வேகம் எப்போதும் லாபம் என்று எண்ணுபவர்கள் இந்த அனுபவத்தைப் படிக்க வேண்டும்.

பசைக்காக அல்லாமல் கிருமிநீக்கத்துக்காகக் கதிர் படும் பொருள்களில் இணைப்பு என்னாகிறது என்பது தனிக் கவலை. பாலிபுரோப்பிலீன் பாகத்தை ஒட்டி முடித்து, பொட்டலமிட்டு, 25 கிலோகிரே கொடுத்து அலமாரியில் வைக்கிறார்கள். படிகப் பகுதிகளில் சிக்கிய தனி உறுப்புகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மெல்ல உள்வரும் ஆக்சிஜனைப் பிடிக்கின்றன. காற்றில் காமா கண்ட பாலித்தீன் இடுப்பு மூட்டுக் கிண்ணங்கள் அலமாரியிலேயே ஆண்டுகள் கழித்து நலிந்தது 1990-களில் எலும்பு மருத்துவ உலகை உலுக்கியது. பசை இணைப்புக்கும் அதே விதி. கதிர் காட்டிய அன்று சோதித்து நல்ல எண் வந்தது என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஈரத்திலும் சூட்டிலும் முதுமையேற்றிச் சோதித்த எண்ணும், கிழிந்த இருபுறமும் எந்தப் பொருள் ஒட்டியிருக்கிறது என்ற குறிப்பும் இல்லாத அறிக்கையை வாங்குபவர் ஏற்கக் கூடாது.

கடைசியாக டெஃப்லான், எல்லாவற்றிலும் கடினமானது. கார்பன்–ஃப்ளூரின் பிணைப்பு பாலித்தீனின் எந்தப் பிணைப்பையும்விடப் பலமானது. ஆனாலும் பொதுப் புழக்கத்திலுள்ள பிளாஸ்டிக்குகளில் கதிரை மிகக் குறைவாகத் தாங்குவது இதுவே. காற்றில் சில கிலோகிரேயிலேயே சங்கிலிகள் அறுந்து வலிமை சரிந்துவிடும். கழிவு டெஃப்லானைக் கதிர் காட்டிப் பொடியாக்கி மசகுப் பொருளாக விற்பதே தனித் தொழிலாக நடக்கிறது. 327 டிகிரி உருகுநிலைக்கு மேலே, ஆக்சிஜன் இல்லாமல் காட்டினால் மட்டும் குறுக்குப் பிணைப்பு உண்டாகும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990-களில் கண்டார்கள். ஒட்டுவதற்குத் தொழிற்சாலைகள் கையாளும் வழி இன்னும் சோடியம்–நாப்தலீன் கரைசலே. அது ஃப்ளூரினை உரித்தெடுத்துப் பரப்பைக் கரும்பழுப்பாக்குகிறது, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, கழிவும் பொல்லாதது. ஹைட்ரஸீன் ஆவியில் 193 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சும் முறையை ஜப்பானில் நீனோவும் யாபேயும் 1990-களில் காட்டினார்கள்; ஹைட்ரஸீனும் நச்சுதான். வெறும் பிளாஸ்மா கொடுத்தால் பரப்பு நனையும், பிடிப்போ அரைகுறை.

2017-இல் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஒகுபோவின் குழு அந்த அரைகுறைக்குக் காரணத்தை நேராகப் பிடித்தது. ஹீலியம் பிளாஸ்மாவைக் கொடுக்கும்போதே டெஃப்லானைச் சூடாக்கி, பரப்பு வெப்பத்தை 200 டிகிரிக்கு மேல் கொண்டுபோனார்கள். அறுந்த சங்கிலிகள் அசைய இடம் கிடைத்துத் தமக்குள் பிணைந்துகொண்டன. பரப்பின் கடினத்தன்மை ஏறியது. சூடில்லாமல் பதப்படுத்தியதிலும் ஆக்சிஜன் ஏறத்தான் செய்தது. ஆனால் அதன்மேல் ஒட்டிய ரப்பர் உரிந்து வந்துவிட்டது. சூட்டோடு பதப்படுத்தியதில், பசை எதுவும் இல்லாமலே, இழுத்தபோது கிழிந்தது ரப்பர்தான்.